கையிருப்பு தீர்ந்த பத்து நாட்கள்: பினோபார்பிட்டோன் திடீரென நின்றதால் வந்த தொடர் வலிப்பு

கொங்குப் பகுதியில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில் சில ஆண்டுகளுக்கு முன் நான் இரவுப் பணியில் இருந்தபோது நடந்தது இது. நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஊர், தொழில், குடும்பம் பற்றிய சில விவரங்களை அவர் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நேரம், மருந்து, அளவு எல்லாம் கேஸ் ஷீட்டில் உள்ளபடியே.

பின்னணி

நோயாளி 24 வயதுப் பெண், எடை 48 கிலோ, கல்யாணமாகி ஏழு மாதம். பதின்மூன்று வயதில் முதல் வலிப்பு. வலது கையில் வெட்டத் தொடங்கி உடம்பு முழுக்கப் பரவும் வகை. அன்று பார்த்த மருத்துவர் பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையைத் தொடங்கினார். அளவு கூட்டப்பட்டு, கடைசியில் இரவில் 60 மில்லிகிராம் ஒன்று, 30 மில்லிகிராம் ஒன்று, ஆக 90 மில்லிகிராமில் நின்றது. கடைசி வலிப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாத்திரையைப் பெண் நேரில் போய் வாங்கியதில்லை. பெண்ணின் சீட்டை எடுத்துக்கொண்டு அம்மாதான் மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார், முப்பது நாளைக்குத் தருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. அம்மா வாங்கி, பலகாரத்தோடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து மகள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் வலிப்பு பற்றித் தெரியாது. பெண் பார்க்கும்போது சொல்லவில்லை, நிச்சயத்தன்றும் சொல்லவில்லை, பிறகு சொல்ல முடியாமலே போனது. டப்பாவில் இருந்தது "சத்து மாத்திரை".

அந்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. பஸ்ஸில் போகாதே, குனியாதே, தூசியில் நிற்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. பெண் கணக்குப் போட்டு, மிச்சமிருந்ததை நான்கு நாள் பாதி பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஆறு நாள் எதுவும் இல்லை. பக்கத்து மருந்துக் கடையில் கேட்டிருக்கலாமே என்று பின்னால் ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டார். சீட்டு அம்மாவிடம் இருந்தது, சீட்டில்லாமல் இந்த மாத்திரையைத் தர மாட்டார்கள். அதைவிட, அந்தக் கடைக்காரர் மாமனாரின் கூட்டாளி.

மருந்து நின்ற மூன்றாம் நாளிலிருந்து தூக்கமில்லை, கை லேசாக நடுங்கியது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தது என்று கணவர் பிறகு சொன்னார். அம்மாவுக்குக் கண் அறுவை, அதுதான் கவலை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதிகாலை 4.50

வீட்டில் முதல் வலிப்பு 3.30 மணிக்கு. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்று, குறட்டை விட்டுத் தூங்கினார். 4.10-க்கு இரண்டாவது. அது முழுசாக நிற்கவே இல்லை. 108 வண்டியில் முகமூடி வழியாக ஆக்ஸிஜன் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தபோது மணி 4.50. கண்கள் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு, வலது முகமும் கையும் காலும் வெட்டிக்கொண்டிருந்தன, வாயில் ரத்தம் கலந்த நுரை. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு வலிப்புக்கு நடுவில் நினைவு திரும்பாவிட்டாலோ அதைத் தொடர் வலிப்பாகக் கொண்டு வைத்தியம் செய்ய வேண்டும். இவருக்கு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஒருக்களித்துப் படுக்கவைத்து நுரையை உறிஞ்சி எடுத்தோம். ஆக்ஸிஜன் அளவு 91 சதவீதம். சர்க்கரை 104. உடல் வெப்பம் 100.6. ரத்த அழுத்தம் 140/90. ஊசி குத்தியதும் நர்ஸ் வழக்கம்போல இரண்டு குழாய் ரத்தம் எடுத்துவைத்தார். அதில் ஒன்று பின்னால் மிகவும் உதவியது.

வலிப்பை நிறுத்த முதலில் தரும் லோராசிபாம் 4 மில்லிகிராம் நரம்பில் போட்டோம். இரண்டு நிமிடத்தில் நின்றது. ஆறு நிமிடம் கழித்து மறுபடி முகத்திலிருந்து தொடங்கியது. இரண்டாவது 4 மில்லிகிராம். இம்முறை கை கால் ஓய்ந்தது, வலது வாய்க்கடையும் கண் இமையும் துடிப்பதை நிறுத்தவில்லை. 5.08-க்கு இரண்டாம் கட்ட வலிப்பு மருந்தான லெவிடிராசிட்டம் 3 கிராம், கிலோவுக்கு 60 மில்லிகிராம் கணக்கில், சொட்டு மருந்தாகப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றத் தொடங்கினோம்.

முதலில் எதை நினைத்தோம்

கணவரிடம் கேட்டேன். முன்பு வலிப்பு உண்டா? இல்லை. ஏதாவது மாத்திரை? சத்து மாத்திரை, இப்போது அதுவும் இல்லை. காய்ச்சல், தலைவலி? தெரியவில்லை. கர்ப்பமா? தெரியவில்லை. மாமியார் ஓரமாக நின்று, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காதது பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி ஓர் ஆண்டு நிறையாத பெண் வலிப்போடு வந்தால் எங்கள் பக்கத்தில் மூன்று எண்ணங்கள் உடனே வரும். ஒன்று, கர்ப்பகால வலிப்பு. சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் இல்லை என்றது. இரண்டு, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைதல். அவர் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார் என்று கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னதால் இந்தச் சந்தேகம் வலுத்தது. மூன்றாவது, சாணிப் பவுடர். வாசல் தெளிக்கக் கடையில் பொட்டலமாக விற்றுவந்த அந்த மஞ்சள் சாயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, தொடர் வலிப்போடு வரும் இளம்பெண்கள் இந்தப் பகுதியில் பணிபுரிந்த எந்த மருத்துவருக்கும் புதிதல்ல. நாக்கு, விரல், சிறுநீர் என்று மஞ்சள் கறை தேடினோம், இல்லை. ஆனாலும் விஷம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ வழக்கு) பதிவு செய்து, மருத்துவமனைக் காவல் சாவடிக்குத் தகவல் கொடுத்தோம். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. வெப்பம் இருந்ததால் மூளைக்காய்ச்சலையும் பட்டியலில் சேர்த்து, அதற்கான மருந்துகளைத் தயார் செய்யச் சொன்னேன்.

பார்த்தும் நான் கோத்துப் பார்க்காத ஒன்று உண்டு. இடது முன்கையின் உட்புறத்தில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பழைய தீக்காயத் தழும்பு. கேஸ் ஷீட்டில் "பழைய தழும்பு, இடது முன்கை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்த பெண்களுக்கு இருக்கும் தழும்பு அது. வலிப்புப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருந்தால் பார்த்ததுமே கேட்டிருப்பேன். அவசரப் பிரிவில் மஞ்சள் கறை தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு அது வெறும் தழும்பாகப் பட்டது.

கைபேசியில் வந்த தகவல்

5.25-க்கு லெவிடிராசிட்டம் முடிந்தது. வாய்க்கடைத் துடிப்பு அப்படியேதான் இருந்தது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலது கையும் சேர்ந்து வெட்டியது. மயக்க மருத்துவரைக் கூப்பிட்டிருந்தோம்.

அந்த நேரத்தில் கணவர் தன் மாமியாருக்குப் போன் செய்திருக்கிறார். அந்தம்மா அவரிடம் பேசவில்லை. "அங்க இருக்கற நர்ஸம்மாகிட்ட குடுங்க மாப்ள" என்றாராம். போனை வாங்கிய நர்ஸ் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க டாக்டரம்மா, பக்கத்துல மாப்ள இல்லீங்களே? அவ சின்னதுலருந்து வலிப்பு மாத்திர போடறாளுங்க. எனக்குக் கண்ணு ஆபரேசனுங்க, இந்த மாசம் கொண்டாந்து குடுக்க முடீல. அதாங்க."

மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளை, சின்னது ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று. வீட்டில் பழைய அட்டை இருந்தால் எடுக்கச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனை எழுப்பி அட்டையைப் படிக்கவைத்தார். எழுத்துக்கூட்டி அவன் "பீனோ" என்றதுமே போதுமானதாக இருந்தது.

அதுவரை காரணம் தெரியாத தொடர் வலிப்பாக இருந்தது, அந்த நொடியில் பார்பிட்டுரேட் (பினோபார்பிட்டோன் சேர்ந்த மருந்துக் குடும்பம்) நிறுத்தத்தால் வந்த வலிப்பாக மாறியது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

ஏன் ஆறாம் நாளில்?

இந்த மருந்து உடம்பில் தங்கும் காலம் நீளமானது. பெரியவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஒரு வேளை மாத்திரையை மறந்தால் ஒன்றும் ஆகாது என்பது இதன் நல்ல பக்கம். கிராமத்து நோயாளிக்கு நாளுக்கு ஒருவேளை மாத்திரை போதும் என்பதற்கும் இதுவே காரணம். கெட்ட பக்கம், நிறுத்தியவருக்கும் சுற்றியிருப்பவருக்கும் "நிறுத்தினாலும் ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணம் சில நாள் ஓடும். ஆபத்து வரும்போது காரணமும் விளைவும் ஒரு வாரம் விலகி நிற்கின்றன. அதனால்தான் கணவருக்கு மாத்திரை நினைவுக்கு வரவில்லை. நானும் "நேற்று என்ன சாப்பிட்டார்" என்றுதான் கேட்டேனே தவிர "போன வாரம் எது நின்றது" என்று கேட்கவில்லை.

இரண்டாவது விஷயம், நின்றது வெறும் பாதுகாப்பு மட்டுமல்ல. பதினோரு ஆண்டுகள் பார்பிட்டுரேட்டோடு பழகிய மூளை அது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வாயில்கள் திறந்திருக்கும் நேரத்தை இந்த மருந்து நீட்டுகிறது. நீண்ட நாள் அப்படி இருந்த நரம்பணுக்கள் தம்மைச் சரிக்கட்டிக்கொள்கின்றன. மருந்து திடீரென விலகும்போது, வலிப்பு நோயே இல்லாதவருக்கும் வலிப்பு வரலாம். இவருக்கோ அடியில் நோயும் இருந்தது.

வந்தவுடன் எடுத்துவைத்த ரத்தத்தைப் பிறகு வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். பினோபார்பிட்டோன் ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம். வழக்கமாக எதிர்பார்க்கும் அளவு 15 முதல் 40. தினமும் 90 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட காலத்தில் இவருக்கு ஏறத்தாழ 20 இருந்திருக்கும் என்பது என் கணக்கு.

5.30: எந்த மருந்து

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஃபெனிட்டாயின் அல்லது வால்ப்ரோயேட் என இன்னொரு இரண்டாம் கட்ட மருந்து தருவது. உடனே மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைத்து, முழு மயக்கத்துக்குக் கொண்டுபோவது. அல்லது நின்றுபோன மருந்தையே நரம்பு வழியாகத் திருப்பித் தருவது.

லெவிடிராசிட்டம், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட் மூன்றையும் ஒப்பிட்டு 2019-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் மூன்றும் ஏறக்குறையச் சமம், ஒவ்வொன்றும் பாதிப்பேருக்கு மேல் வேலை செய்யவில்லை. ஒன்று தோற்ற இடத்தில் அடுத்ததைத் தந்து இன்னும் இருபது நிமிடம் செலவிட எனக்கு மனமில்லை. வலிப்பு நீள நீள, லோராசிபாம் போன்றவை பற்றிக்கொள்ளும் வாயில்கள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன, மருந்து வந்தாலும் பிடிமானம் குறைகிறது. பார்பிட்டுரேட் அதே வாயிலில் வேறு இடத்தில் அமர்கிறது, அளவு கூடினால் காபா இல்லாமலேயே வாயிலைத் திறக்கவும் செய்யும். தொடர் வலிப்புக்கு இது பழைய, சோதித்துப் பார்த்த மருந்தும்கூட. 1998-ல் வந்த பெரிய ஒப்பீட்டில் வெளிப்படையான தொடர் வலிப்புள்ளவர்களில் லோராசிபாம் 64.9 சதவீதத்தினருக்கும் பினோபார்பிட்டோன் 58.2 சதவீதத்தினருக்கும் முதல் மருந்தாகவே பலன் தந்தது. ஃபெனிட்டாயின் மட்டும் தந்தவர்களில் 43.6. எல்லாவற்றுக்கும் மேல், இவர் உடம்பில் இல்லாமல் போனதே அதுதான்.

மறுபக்கம், காபா இல்லாமலேயே வாயிலைத் திறக்கும் அதே குணம்தான் பார்பிட்டுரேட்டை ஆபத்தான மருந்தாக்குகிறது. அளவு மீறினால் மூச்சு நிற்கும், ரத்த அழுத்தம் விழும். தூக்க மாத்திரையாக அரை நூற்றாண்டு உலகெங்கும் விற்ற இந்தக் குடும்பத்தை மருத்துவம் கைவிட்டதும் இதனால்தான். இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே 8 மில்லிகிராம் லோராசிபாம் போயிருந்தது.

மயக்க மருத்துவர் முதலில் குழாய் போடலாம், பிறகு எதை வேண்டுமானாலும் கொடுங்கள் என்றார். நான் பினோபார்பிட்டோனை முதலில் பார்ப்போம், மூச்சு குறைந்தால் போடுவோம் என்றேன். ஐசியுவில் ஒரே ஒரு வென்டிலேட்டர்தான் காலியாக இருந்தது, அதுவும் என் முடிவில் சேர்ந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழாய் போடும் சாமான் எல்லாம் தலைமாட்டில் எடுத்துவைத்து, அவர் அங்கேயே நிற்பது என்ற உடன்பாட்டில் தொடங்க முடிவு செய்தோம்.

அப்போதுதான் தெரிந்தது, அவசரப் பிரிவில் அந்த ஊசி ஒன்றுகூட இல்லை. மருந்தகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். எங்கே இருக்கும் என்று நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தால் இன்றும் முதலில் தருவது பினோபார்பிட்டோன்தான். அங்கிருந்து நான்கு ஆம்பூல் வாங்கி, இரண்டு மாடி இறங்கி ஓடிவந்தார். 200 மில்லிகிராம் வீதம் நான்கு, மொத்தம் 800. கிலோவுக்குப் பதினாறு, பதினேழு. காரத்தன்மை உள்ள மருந்து, நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். அதனால் புறங்கையில் இருந்த ஊசியை விட்டுவிட்டு முழங்கை மடிப்பில் பெரிய நரம்பாகப் பார்த்துப் போட்டோம். 5.44-க்குத் தொடங்கி நிமிடத்துக்கு 50 மில்லிகிராம் வேகத்தில் ஏற்றினோம்.

நின்றது வலிப்பு, கூடவே மூச்சும் குறைந்தது

5.56-க்கு, 600 மில்லிகிராம் போயிருந்தபோது, வாய்க்கடைத் துடிப்பு நின்றது. கண்கள் நடுவுக்கு வந்தன. முழு அளவும் முடிந்தபோது மூச்சு நிமிடத்துக்கு எட்டு, ரத்த அழுத்தம் 86/50. ஆக்ஸிஜன் 88-க்கு இறங்கியது. பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தோம், சலைன் ஏற்றினோம்.

மயக்க மருத்துவர் குழாய் போடத் தையோபென்டோன் குப்பியை முன்பே எடுத்துவைத்திருந்தார். அதுவும் பார்பிட்டுரேட்தான், 1934 முதல் மயக்க மருத்துவத்தில் இருப்பது. மஞ்சள் பொடியாக இருக்கும், நீரில் கரைத்து நரம்பில் செலுத்தினால் அரை நிமிடத்தில் நினைவு போகும். வலிப்பையும் அடக்கும் என்பதால் அவருடைய முதல் தேர்வாக இருந்தது. 86 என்ற எண்ணைப் பார்த்ததும் குப்பியை மறுபடி தட்டில் வைத்துவிட்டு கீட்டமினுக்கு மாறினார். தையோபென்டோன் அழுத்தத்தை இன்னும் இறக்கியிருக்கும். 6.10-க்குக் குழாய் போட்டு வென்டிலேட்டருக்கு மாற்றினோம்.

ஆக, மருந்துத் தேர்வில் என் கணிப்பு சரி, வரிசையில் அவருடையது சரி. பத்து நிமிடம் கையால் மூச்சுக் கொடுத்துச் சமாளித்தது திறமை அல்ல, தவிர்த்திருக்க வேண்டிய சூழ்நிலை.

அடுத்த மூன்று நாட்கள்

வெளியே துடிப்பு நின்றால் மூளைக்குள்ளும் நின்றுவிட்டது என்று பொருளல்ல. இரவில் மூளை மின்பதிவு எடுக்கும் வசதி எங்களிடம் இல்லை. கண்மணியையும் இமையையும் மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் காலை எடுத்த பதிவில் வலிப்பு அலைகள் இல்லை, மருந்தின் மந்தம் மட்டும் இருந்தது.

சி.டி. ஸ்கேனில் இடது மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் சுண்ணாம்புப் படிந்த சிறு புள்ளி தெரிந்தது. நாடாப்புழு முட்டை உடலுக்குள் போய், மூளையில் தங்கி, மடிந்து, தழும்பாகும்போது இப்படித் தெரியும். நம் ஊர் வலிப்புக்கு இது அடிக்கடி காண்கிற காரணம். வலது கையில் தொடங்கிய வலிப்புக்கு இடம் பொருந்தியது. சிரைகளில் உறைவு இல்லை. முதுகுத் தண்டு நீர் சுத்தமாக இருந்ததால் மூளைக்காய்ச்சல் மருந்துகளை இரண்டாம் நாள் நிறுத்தினோம். காய்ச்சலும், கூடியிருந்த வெள்ளை அணுக்களும் நீண்ட வலிப்பின் விளைவுகள்.

முப்பது மணி நேரத்தில் குழாயை எடுத்தோம். மூன்றாம் நாள் பேசினார். நாக்கு கடிபட்டதில் குழறல், வலது கையில் இரண்டு நாள் பலவீனம் இருந்து மறைந்தது. வாய் வழியாகப் பினோபார்பிட்டோன் 90 மில்லிகிராமைத் திரும்பத் தொடங்கினோம், லெவிடிராசிட்டம் 500 மில்லிகிராம் இருவேளை கூடவே தொடர்ந்தது.

யாரிடம் சொல்வது

இந்த நிகழ்வில் மருந்தைவிடக் கடினமாக இருந்தது இதுதான்.

அம்மா அன்று காலையே கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். "மாப்ளைக்கு மட்டும் சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் மூன்று முறை கேட்டார். மாமனார் ஒவ்வொரு மருத்துவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். நோயாளி 24 வயதுப் பெண், மயக்கத்தில் இருந்தார். யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது அவருடைய முடிவு. அதனால் கணவரிடம் "தொடர் வலிப்பு, இப்போது நின்றிருக்கிறது, விஷம் இல்லை என்று உறுதியாகிவிட்டது, மீதியை அவர் விழித்ததும் அவரோடு சேர்ந்து பேசுவோம்" என்றேன். கேஸ் ஷீட் கட்டில் மாட்டில் தொங்கும் வழக்கத்தை இவருக்கு மட்டும் மாற்றி, நர்ஸ் மேசை இழுப்பறையில் வைத்தோம். விஷச் சந்தேகத்துக்காகப் போட்ட எம்.எல்.சி.யில் மருந்து நிறுத்தத்தால் வந்த வலிப்பு என்று எழுத வேண்டியிருந்தது, அதை மறைக்க வழியில்லை.

மூன்றாம் நாள் மாலை அவரிடம் தனியாகப் பேசினேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானே சொல்றேன், நீங்க பக்கத்துல இருங்க" என்றார். சொன்னார். கணவர் எதுவும் பேசவில்லை. வெளியே போய், ஒரு மணி நேரம் கழித்து இளநீரோடு திரும்பி வந்தார்.

மாமனார் அப்படி இல்லை. ஏமாற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், கல்யாணமே செல்லாது என்று வக்கீல் சொல்கிறார் என்றார். வலிப்பு நோயாளி செய்யும் திருமணம் செல்லாது என்று வாதிட இடம் தந்த சொல், இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. அதைச் சொன்னேன். மறைத்ததை வைத்து வழக்காட முடியுமா என்பது வேறு கேள்வி, அதற்குள் நான் போகவில்லை. பெண் அம்மா வீட்டுக்கு டிஸ்சார்ஜ் ஆனார். நான்கு மாதம் அங்கேயே இருந்தார்.

மாத்திரையை மாற்றியது

பினோபார்பிட்டோன் மோசமான மருந்தல்ல. 1912-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் இது வலிப்பை அடக்குவதைக் கண்டெழுதியதிலிருந்து இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. வலிப்பு மருந்துகளில் இதுதான் மிக மலிவு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உண்டு. ஆனால் இவர் குழந்தை பெற விரும்பும் வயதில் இருந்தார். கருவின் உறுப்புகள் உருவாகும் காலத்தில், குறிப்பாக இதயத்துக்கு, இந்த மருந்தால் குறை வரும் வாய்ப்பு கூடுதல். லெவிடிராசிட்டமில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

பேசியபோது இன்னொன்று தெரியவந்தது. குழந்தைக்கு மாத்திரையால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுவந்தார். பினோபார்பிட்டோன் கல்லீரலை முடுக்கிவிட்டு அந்தக் கருத்தடை மாத்திரையை வேகமாகச் சிதைக்கும், அதை மட்டும் நம்ப முடியாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கருத்தடை மாத்திரை தந்தவருக்கு வலிப்பு மாத்திரை பற்றித் தெரியாது, வலிப்பு மாத்திரை தந்தவருக்குக் கல்யாணமானதே தெரியாது. இடைக்காலத்துக்குக் காப்பர்-டி பரிந்துரைத்தோம்.

லெவிடிராசிட்டமை 750 மில்லிகிராம் இருவேளைக்கு ஏற்றிவிட்டு, பினோபார்பிட்டோனை மாதத்துக்கு 15 மில்லிகிராம் வீதம் ஆறு மாதத்தில் இறக்கினோம். பத்து நாளில் தற்செயலாக நடந்ததை ஆறு மாதத்தில் வேண்டுமென்றே செய்தோம் என்று சொல்லலாம். இரண்டாம் மாதம் எரிச்சலும் அழுகையும் கூடின. அது புது மருந்தாலா, பழையது குறைவதாலா, வீட்டு நிலவரத்தாலா என்று பிரித்தறிய முடியவில்லை. இறக்குவதை ஒரு மாதம் நிறுத்திவைத்துப் பிறகு தொடர்ந்தோம். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் சேர்த்தோம்.

மருந்து முழுவதும் நிற்கும் முன்பே, ஐந்தாம் மாதத்தில், கணவர் வந்து அழைத்துப்போனார். தனிக்குடித்தனம். மாமனார் வீட்டுக்குப் பொங்கலுக்கு மட்டும் போகிறார்கள். அடுத்த ஆண்டு காப்பர்-டியை எடுத்த பின் கர்ப்பமானார். பேறுகாலத்தில் வலிப்பு வரவில்லை. பெண் குழந்தை, 2.7 கிலோ.

இன்று என்றால் என்ன மாற்றுவோம்

வரலாறு கேட்கும் முறையை மாற்றிவிட்டேன். வலிப்போடு வரும் இளம்பெண்ணுக்குக் கணவர் வீட்டார் சொல்லும் "முன்பு இல்லை" என்பதை நான் இப்போது பாதி பதிலாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். பெண்ணைப் பெற்றவர்களிடம் யார் காதிலும் விழாத இடத்திலிருந்து போனில் பேசுவது, ரத்தம் எடுப்பதோடு சேர்ந்து முதல் பத்து நிமிட வேலை. கேள்வியும் மாறியிருக்கிறது. "என்ன சாப்பிடுகிறார்" என்பதோடு "கடந்த இரண்டு வாரத்தில் எது தீர்ந்துபோனது, எது நின்றது?" தழும்பைப் பார்த்தால் எதனால் என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

பினோபார்பிட்டோன் ஆறு ஆம்பூல் இப்போது அவசரப் பிரிவில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. மனமயக்க மருந்துகள் சட்டத்தின் கீழ் வருவதால் கணக்குப் புத்தகம் வேண்டும், அதற்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று இந்தச் சின்ன ஏற்பாட்டுக்கே ஏழு மாதம் ஆனது. அதைக் கொடுக்கும் முன், லோராசிபாம் இரண்டு தரம் போயிருந்தால், குழாய் போட ஆள் தயாராக நிற்பது போதாது, போட்டுவிட்டுத்தான் கொடுப்பது என்று மயக்க மருத்துவரும் நானும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதையும் மாற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அங்கே மருந்தாளுநர் செய்தது விதிப்படிதான்: சீட்டைப் பார்த்தார், முப்பது நாளைக்குக் கொடுத்தார். கடைசியாக ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்தது பதினான்கு மாதத்துக்கு முன்பு என்பது சீட்டின் பின்பக்கத்தில் தெரிந்தது. பத்து நாள் கூடுதல் கையிருப்பு தர முடியுமா என்று கடிதம் எழுதினோம். தனித்தனி நோயாளிக்கு மருத்துவ அலுவலர் முடிவு செய்யலாம் என்று பதில் வந்தது.

சீட்டை அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். மேலே பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரும் பழைய ஊரும் இருந்தன. புதுச் சீட்டில் கணவர் வீட்டு முகவரி போடவா என்று எங்கள் பதிவு எழுத்தர் கேட்டதற்கு, பெண் சற்று யோசித்து, போடுங்கள் என்றார்.